முதல் நினைவுக் குறிப்பை நாமே பதிப்பிக்கலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) போர்டில் தொடங்கி கடைசியில் வாடிக்கையாளர் சேவை மேசை வரை 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாட்களை எழுதினேன், 176 பக்கம் வந்தது, நானே அச்சிட்டேன். அதற்குப் பிறகு கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய அண்ணன் தங்கைகள், பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார் என்று யாராவது ஒருவர் போன் செய்து "நானும் எழுதி வச்சிருக்கேன்" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோருக்கும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

"நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்லையேம்மா, என் கதையை யார் படிக்கப் போறா?"

உங்களோடு அதே வேலையைச் செய்தவர்கள் படிப்பார்கள். அதே ஊரில், அதே தெருவில் இருந்தவர்கள் படிப்பார்கள். டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை, ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணம் ஏறுவதை, குறிப்பிட்ட ஆளையே கேட்கும் பி.பி. கால் போட்டு "அவர் இருக்காரா, கூப்பிடுங்க" என்று நாங்கள் கேட்டதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுதினால்தான் அது பதிவாகும். வெளியிலிருந்து வந்து அதை எழுத முடியாது.

எத்தனை பேர் படிப்பார்கள் என்று யோசிக்காதீர்கள், யார் யார் என்று யோசியுங்கள். ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதுங்கள். எனக்கு 64 பெயர் வந்தது. அந்தப் பட்டியல் பின்னால் எத்தனை பிரதி அச்சிடுவது என்ற கேள்விக்கும் உதவும்.

"தன்வரலாறு, நினைவுக் குறிப்பு ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

இல்லை. பிறந்ததிலிருந்து இன்றுவரை வாழ்க்கை முழுவதும் சொல்வது தன்வரலாறு. ஒரு காலகட்டத்தை, ஒரு வேலையை, ஒரு உறவை, ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குள் ஆழமாகப் போவது நினைவுக் குறிப்பு. முதல் முறை எழுதுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. பிறந்த நட்சத்திரத்தில் தொடங்கி பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டியது என்று போகும் கையெழுத்துப் பிரதிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றுக்குள் எங்கோ 80 பக்கத்தில் ஒரு அருமையான புத்தகம் இருக்கும், மற்றதெல்லாம் அதை மூடிக்கொண்டு கிடக்கும்.

"எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டுத்தானே போடணும்?"

எல்லாவற்றையும் எழுதி முடித்தவர் யாரும் கிடையாது. உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாரம் வாரம் எழுதினார். 1942-இல் அவர் காலமானபோது அது முடிந்திருக்கவில்லை. முடியாத அந்த நூல்தான் 1950-இல் புத்தகமாக வந்து இன்றுவரை படிக்கப்படுகிறது. எடுத்துக்கொண்ட பகுதியை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள், மிச்சம் அடுத்த புத்தகத்துக்கு இருக்கட்டும்.

"பதிப்பகத்துக்கு அனுப்பிப் பார்க்காம ஏன் நீங்களே போட்டீங்க?"

அனுப்பினேன். இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னொரு இடத்தில் மரியாதையாக, ஒன்றரை வருடம் ஆகும், பக்கத்தையும் குறைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்த அக்காவுக்கு அப்போது வயது 81, அவர் கையில் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால்தான் நானே போட முடிவு செய்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு தெளிவான காரணம் இருந்தால் நீங்களே போடுங்கள். நிராகரித்துவிட்டார்களே என்ற கோபத்தில் போட வேண்டாம், கோபம் மூன்று மாதத்தில் தணிந்துவிடும், பெட்டி பெட்டியாகப் புத்தகம் வீட்டில் இருக்கும்.

பதிப்பகம் போட்டால் செலவு அவர்களுடையது. உங்களுக்கு ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். கடைக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் கொண்டுபோவது அவர்கள் பொறுப்பு. நீங்களே போட்டால் எல்லா முடிவும் உங்களுடையது, எல்லா வேலையும் உங்களுடையது. அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நான் அச்சுக்குப் போன பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். பதிப்பகத்தில் "இந்த அத்தியாயம் வேண்டாம்மா" என்று சொல்ல ஒருவர் இருப்பார். நாமே போடும்போது அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. அந்த ஆளை நாமே தேடி உட்கார வைக்க வேண்டும். கீழே எடிட்டர் பற்றியும் குடும்பத்தார் பற்றியும் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

"எவ்வளவு செலவு ஆகும், ஒரே நம்பராச் சொல்லுங்க அக்கா"

ஒரே நம்பராகச் சொல்ல முடியாது, ஆனால் எது எது சேர்ந்து செலவாகிறது என்று சொல்கிறேன். பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை வடிவமைப்பு, இந்த மூன்றும் ஒரு முறைச் செலவு. 50 பிரதி போட்டாலும் 500 போட்டாலும் அது மாறாது. அப்புறம் தாள், அச்சு, பைண்டிங், லேமினேஷன், இவை பக்கத்தையும் பிரதியையும் பொறுத்தவை. அச்சகத்தில் ஃபாரம் கணக்கில் பேசுவார்கள், ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். என் 176 பக்கம் 11 ஃபாரம். நீங்கள் 178 பக்கத்தில் முடித்தால் அந்த 2 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தில் போய் நிற்கும், அதனால் வடிவமைப்பு முடிந்ததும் பக்க எண்ணிக்கையைப் பார்த்து இரண்டு பத்தி குறைக்கவோ கூட்டவோ தயாராக இருங்கள்.

டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில், படிக்க வசதியான எழுத்தில், ஒரு பக்கத்துக்குத் தோராயமாக 200 சொல் பிடிக்கும். கையெழுத்துப் பிரதியின் சொற்களை எண்ணி இதால் வகுத்தால் பக்கம் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள், கேட்கும்போது தாள் எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனம்), அட்டை எத்தனை ஜி.எஸ்.எம்., லேமினேஷன் மேட்டா (மங்கல்) கிளாஸா (பளபளப்பு), தையல் உண்டா, ஒட்டு பைண்டிங்கா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன விலையும் பில்லில் வரும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சிட்ட புத்தகத்தை விற்க ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அச்சு வேலைக்கும் வடிவமைப்புக்கும் வரும் பில்லில் வரி சேரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எத்தனை காப்பி அடிக்கணும்? 1000 போட்டா விலை குறையும்னு சொல்றாங்களே"

குறையும். பிளேட் செய்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் பிளேட் செலவு முதலிலேயே வந்துவிடும் என்பதால் பிரதி கூடக் கூட ஒரு புத்தகத்தின் அடக்க விலை இறங்கும். 300, 500 பிரதிக்குக் கீழே ஆஃப்செட் கட்டுப்படியாகாது. பிளேட் இல்லாமல் கணினியிலிருந்து நேராக அச்சிடும் டிஜிட்டலில் அந்தச் சிக்கல் இல்லை. 30, 50 என்றுகூடப் போடலாம், ஒரு பிரதியின் விலை மட்டும் கொஞ்சம் அதிகம். விற்காத 800 பிரதியோடு பார்த்தால் அந்த அதிக விலை ஒன்றுமே இல்லை.

முதலில் சொன்ன பெயர்ப் பட்டியலை எடுங்கள். அதைப் போல ஒன்றரை மடங்கு போடுங்கள். நான் 100 போட்டேன், நான்கு மாதத்தில் தீர்ந்தது, அப்புறம் 60 போட்டேன். முதல் 100-இல் கண்ணில் பட்ட பிழைகளை இரண்டாவதில் திருத்தவும் முடிந்தது. முன்பணம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோதே புத்தகம் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். நம் வாட்ஸ்அப் குழுவில் "புத்தகம் வருகிறது, வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள்" என்று கேட்பது அதே காரியம்தான்.

"பேக்கேஜ்ல எல்லாம் சேர்த்துப் பண்ணித் தர்றாங்களாமே, நல்லதுதானே?"

சிலருக்கு நல்லதுதான். வடிவமைப்பாளரைத் தேடி, அச்சகத்துக்கு நடையாய் நடக்க முடியாதவர்களுக்கு ஒரே இடத்தில் வேலை முடியும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு போடுகிறவர் உங்களைத் தேர்ந்தெடுத்த பதிப்பாளர் இல்லை, உங்களுக்குச் சேவை செய்கிறவர். "உங்கள் நூல் தேர்வாகியிருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டு அடுத்த வரியில் தொகை கேட்டால் அந்த முதல் வரியை மறந்துவிடுங்கள். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி இப்படிப் பெரிய தொகை கட்டினாள், 200 பிரதி என்றார்கள், கைக்கு வந்தது 25, மிச்சம் "ஆன்லைனில் விற்கிறோம்" என்று அவர்களிடமே இருந்தது. இரண்டாம் பதிப்பு போட நினைத்தபோது பக்க ஃபைலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவள் திரும்ப முதலிலிருந்து டைப் செய்தாள், 140 பக்கம்.

கையெழுத்து போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: காப்புரிமை யார் பெயரில், உரிமம் எத்தனை வருடம், வடிவமைப்பு ஃபைல் எனக்குக் கிடைக்குமா, என் கையில் எத்தனை பிரதி, விற்ற கணக்கு எப்போது வரும், நான் விலக நினைத்தால் என்ன செய்ய வேண்டும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆனால் "முழுக் காப்புரிமைக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்துவிட்டால் உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருடமும் போய்விடும். அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

"ஐ.எஸ்.பி.என். கட்டாயமா? அதுக்குத் தனியா காசு கேக்கறாங்க"

ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண். சட்டப்படி கட்டாயம் இல்லை. கடையிலோ ஆன்லைனிலோ நூலகத்திலோ விற்க நினைத்தால் தேவைப்படும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதனால் "ஐ.எஸ்.பி.என். கட்டணம்" என்று பேக்கேஜில் தனி வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், எண் யார் பெயரில் பதிவாகிறது என்றும் கேளுங்கள். விண்ணப்பித்ததும் மறுநாளே வந்துவிடாது, அட்டை வேலை தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.

இன்னொரு கடமையும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, பதிப்பித்தவர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நாமே போட்டால் அந்தப் பதிப்பித்தவர் நாம்தான். கன்னிமாரா நூலகத்தின் அடுக்கில் எங்கள் எக்ஸ்சேஞ்சின் கதை இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

"பாமினியில டைப் பண்ணி வச்சிருக்கேன், அப்படியே கொடுக்கலாமா?"

பாமினி பழைய வகை எழுத்துரு, இப்போது பொதுவாகப் பயன்படும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை நம்பி அப்படியே அனுப்பாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறும், அடைப்புக்குறியும் மேற்கோளும் வேறு எழுத்தாக மாறிவிடும், ஆண்டு எண்கள் சிதையும். ஒரு முறை முழுக்க வாய்விட்டுப் படியுங்கள். டைப் அடிக்கத் தெரியாவிட்டால் போனில் பேசியே எழுதலாம், இப்போது தமிழ் குரல் தட்டச்சு நன்றாகவே பிடிக்கிறது, ல ள ழ மட்டும் கவனமாகப் பாருங்கள். என் கையெழுத்துப் பிரதியில் பாதி அப்படி வந்ததுதான்.

"எடிட்டர் வேணுமா? எங்க மாப்பிள்ளை தமிழ் வாத்தியார், அவரே பாத்துடுவாரு"

மாப்பிள்ளை மெய்ப்பு பார்க்கலாம், ஒற்றுப்பிழையெல்லாம் திருத்துவார். ஆனால் "அத்தை, இந்த மூன்றாவது அத்தியாயத்தில் மாமாவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயமாக இல்லை" என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது, பாவம், அவர் குடும்பத்தில் இருக்க வேண்டியவர். எடிட்டர் என்பவர் எங்கே சலிக்கிறது, எங்கே நீங்கள் மறைக்கிறீர்கள், எங்கே ஒரே சம்பவம் இரண்டு முறை வருகிறது என்று சொல்கிறவர். அது வேறு வேலை.

காசு கொடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால் முதல் செலவு அதற்குத்தான், அட்டைக்கு இல்லை. முடியாவிட்டால் மூன்று பேரைப் பிடியுங்கள்: அந்த வேலை தெரிந்த ஒருவர், அது தெரியவே தெரியாத ஒரு இளையவர், உங்களோடு உறவே இல்லாத ஒரு வாசகர். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். எனக்கு அந்த இளையவர், கல்லூரியில் படிக்கும் பெண், 41-ஆம் பக்கம் என்றாள். அங்கே நான் சங்கத் தேர்தலைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். இப்போது ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது.

"பேச்சு வழக்குல எழுதினா மட்டமா நினைப்பாங்களா?"

நினைக்க மாட்டார்கள். உரையாடலை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். விவரிப்பில் எழுத்து நடையா வழக்கு நடையா என்று முதல் பத்துப் பக்கத்துக்குள் முடிவு செய்து, கடைசிவரை அதிலேயே இருங்கள்.

"என் நாத்தனாரைப் பத்தி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கேன், கேஸ் போட முடியுமா?"

முடியும். போட்டு ஜெயிப்பார்களா என்பது வேறு, போட முடியும். அவதூறு என்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் அங்கே போதாது, அந்த உண்மையை வெளியிடுவது பொது நன்மைக்காக இருந்தது என்றும் காட்ட வேண்டும். நாத்தனார் உங்கள் நகையை வாங்கித் திருப்பித் தராததில் பொது நன்மை காட்டுவது கஷ்டம். பெயரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், உங்களுக்கு ஒரே நாத்தனார்தான் என்றால் எந்தப் பெயர் போட்டாலும் அது அவர்தான்.

தனிமனித அந்தரங்கம் பற்றி உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது, அதுவே தமிழ்நாட்டு வழக்கு. சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் போவதைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது தொடர்பானது. வெளிவரும் முன்பே அரசு தடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, எழுதியது உண்மையா பொய்யா, புகழா குறையா என்பது அதற்குக் கணக்கில்லை என்றும் சொன்னது. நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இந்த இரண்டாவது பாதி. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் தெரியும்படி எழுதுவது தனிக் குற்றம், அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாத்தனார் அத்தியாயத்தை எடுத்து, அவர் செய்ததை எழுதிய வரிகளை ஒரு நிறத்திலும் அப்போது நீங்கள் பட்டதை எழுதிய வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிட்டுப் பாருங்கள். முதல் நிறம் அதிகமாக இருந்தால் அது இன்னும் புகார் மனுதான். நீங்கள் பட்டது உங்களுடையது, அதை எழுத யாரிடமும் அனுமதி வேண்டாம். உண்மையிலேயே பெரிய விஷயம், ஒரு குற்றம், வெளியே வந்தே ஆக வேண்டும் என்றால் அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். நான் எழுதுவது வழக்கறிஞர் ஆலோசனைக்கு ஈடு இல்லை.

"இறந்து போனவங்களைப் பத்தித்தானே எழுதறேன்?"

மேலே சொன்ன அதே பிரிவில், உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக் கூடிய ஒன்றை, அவர் குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அதுவும் அவதூறு ஆகலாம் என்று இருக்கிறது. அதனால் இறந்தவர் என்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அவர்களால் பதில் சொல்ல முடியாது. என் மாமியாரைப் பற்றி எழுதும்போது, நைட் டியூட்டி முடிந்து வந்த எனக்கு அவர் சாப்பாடு எடுத்து வைக்காத நாட்களை எழுதினேன், பிறகு அவரும் காலை நாலு மணிக்கு எழுந்து என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதை எழுதினேன். இரண்டாவது பத்தி முதல் வரைவில் இல்லை.

"வேலையில இருந்தப்ப நடந்ததை எழுதினா பென்ஷனுக்கு ஆபத்து வருமா?"

பணியில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் புத்தகம் எழுதினால், இது என் சொந்தக் கருத்து, அரசின் கருத்து அல்ல என்று தெளிவாக்க வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. மாநில அரசு ஊழியர்களும் மற்றவர்களும் தங்கள் துறை விதியைப் பார்க்க வேண்டும். உளவு, பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அந்த அமைப்பு சம்பந்தமாக எழுத முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 2021-இல் ஓய்வூதிய விதியையே திருத்தியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பென்ஷன் கேள்வி நிஜமான கேள்வி. அரசு ரகசியச் சட்டம் எல்லோருக்கும் உண்டு.

எங்கள் வேலையில் இன்னொன்று இருந்தது. லைன் சேர்ந்ததா, இரைச்சல் இல்லாமல் கேட்கிறதா என்று பார்க்க நாங்கள் காதில் போட்டாக வேண்டும், அப்போது நாலு வார்த்தை காதில் விழும். சாவுச் செய்தி, பெண் பார்த்த செய்தி, கடன் கேட்டு அழுத குரல், எல்லாம் விழுந்திருக்கிறது. கேட்டதை வெளியே சொல்வது அப்போதிருந்த 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். அதனால் என் புத்தகத்தில் ஹெட்செட்டின் கனம் இருக்கிறது, போர்டின் இணைப்புக் கயிறு தேய்த்த விரல் இருக்கிறது, நடு ராத்திரியில் நாங்கள் பங்கு போட்டுச் சாப்பிட்ட புளிசாதம் இருக்கிறது, ஒரு அழைப்பின் உள்ளடக்கம்கூட இல்லை. செவிலியர், வங்கி ஊழியர், வழக்கறிஞர் குமாஸ்தா, இவர்கள் எல்லோருக்கும் இதே மாதிரி ஒரு எல்லை இருக்கும். எழுத உட்காரும் முன் உங்கள் எல்லையை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

"பழைய கடிதம், போட்டோ, ஒரு சினிமாப் பாட்டு வரி, இதெல்லாம் சேர்க்கலாமா?"

கடிதம் உங்களுக்கு வந்தது என்றாலும் அதிலுள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருடையது, அவர் இல்லையென்றால் வாரிசுகளுடையது. கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்ன குடும்பப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். பத்திரிகையில் வந்த படத்தைக் கேட்காமல் போடாதீர்கள். பாட்டு வரியை விட்டுவிடுங்கள். "அப்போது ரேடியோவில் ஓடிய பாட்டு" என்று பெயரைச் சொன்னாலே வாசகருக்குக் காதில் கேட்கும்.

"கிண்டில்ல மட்டும் போட்டா போதாதா? செலவே இல்லையே"

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது வசதி. தமிழ் மின்னூலை அமேசான் கிண்டிலில் 2016 முடிவிலிருந்து நாமே ஏற்ற முடிகிறது. நாமே ஏற்றும் அந்த அமேசான் சேவைக்குப் பெயர் கே.டி.பி., அதில் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறு எங்கும் தரக் கூடாது என்று நிபந்தனை உண்டு, அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. புனைபெயரில் போடலாம், ஆனால் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில், வங்கி விவரத்தோடு இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். என் பட்டியலில் பாதிப் பேர் 65 தாண்டியவர்கள், போனில் படிக்க மாட்டார்கள். அச்சு முதலில், மின்னூல் ஆறு மாதம் கழித்து என்று வைத்தேன். மின்னூலில் பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அதைப் பார்த்து "பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்று அவசரமாக ஏற்றிவிடாதீர்கள். நாத்தனார் அத்தியாயம் போன்ற ஒன்றைப் படித்தவர்கள் மனதிலிருந்து திருத்த முடியாது.

"கடையில வாங்குவாங்களா? நூலக ஆணை கிடைச்சா போட்ட காசு வந்துடும்னாங்களே"

கடைக்கும் விநியோகஸ்தருக்கும் விலையில் 30-இலிருந்து 50 சதவீதம்வரை கழிவு தர வேண்டியிருக்கும். 220 ரூபாய்ப் புத்தகத்துக்கு 40 சதவீதம் என்றால் 88 போய் 132 வரும். அதில் அச்சுச் செலவு 95 என்று வைத்தால் மிச்சம் 37, அனுப்பும் செலவு அதிலிருந்துதான். விற்ற பிறகுதான் பணம் என்பார்கள், கணக்கை எழுதி வாங்குங்கள். நேரடியாகக் கையில் கொடுத்து விற்பதில்தான் முதல் வருடம் காசு திரும்பும். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் தனி எழுத்தாளருக்குக் கடை போடுவது கட்டுப்படியாகாது, கடை வைத்திருக்கும் பதிப்பகம் ஒன்றிடம் பத்துப் பிரதி வைக்கக் கேட்டுப் பாருங்கள்.

பொது நூலகத் துறை நூல்கள் வாங்குவது (அதுதான் நூலக ஆணை) உண்மை, விண்ணப்பிக்கலாம். தேர்வாகும் என்பதை நம்பி மட்டும் பிரதியைக் கூட்டிவிடாதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவித் திட்டம் இருக்கிறது, ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களுக்குத் தனி உதவியும் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது கையெழுத்துப் பிரதி தயாராக இருந்தால் போடுங்கள்.

"வெளியீட்டு விழா வைக்கணுமா? பெரிய எழுத்தாளர்கிட்ட முன்னுரை வாங்கணுமா?"

இரண்டும் வேண்டும் என்று இல்லை. முன்னுரைக்காக எட்டு மாதம் காத்திருந்தவரைத் தெரியும். மண்டப வாடகையில் இன்னொரு 50 பிரதி போடலாம்.

"எழுதி முடிச்சுட்டேன், எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க, ஆனா போட மனசு வரல. என்ன பண்றது?"

இதுதான் கடினமான கேள்வி, இதைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முதலில், எழுதியதை எல்லாம் போட வேண்டியதில்லை. பத்துப் பிரதி மட்டும் டிஜிட்டலில் அச்சிட்டு, விலை போடாமல், ஐ.எஸ்.பி.என். இல்லாமல், வீட்டுக்குள் மட்டும் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வெளியே விடலாமா என்று பார்க்கலாம். ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் போடலாம். போடுவதா வேண்டாமா என்று இரண்டே வழி இல்லை.

அப்புறம், மனசு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பொதுவாக முழுப் புத்தகமும் தடையாக இருக்காது, ஏதோ ஒரு பத்துப் பக்கம் இருக்கும். எனக்கு அது தங்கையின் கல்யாணம் முறிந்த அத்தியாயம். அன்று ராத்திரி நான் போர்டில் இருந்தேன், அவளுடைய அழைப்பை நானே வாங்கினேன், 33 வருடத்தில் அதுபோல ஒரு இரவு எனக்கு வேறு இல்லை. எழுதியதில் நன்றாக வந்ததும் அதுதான், எடிட்டரும் அதைத்தான் சொன்னார். பிரிண்ட் எடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கக்கா. ஆனா என் மருமக படிப்பாளே" என்றாள்.

அந்த 14 பக்கத்தை எடுத்துவிட்டேன், 190 என்று இருந்தது 176 ஆனது. ஃபாரம் கணக்கும் சரியாக வந்துவிட்டது என்று அச்சகத்துக்காரர் சந்தோஷப்பட்டார். அவள் பிரதியில் மட்டும் அந்தப் பக்கங்களை மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தேன். போன மாதம் போனபோது பார்த்தேன், புத்தகம் டிவி பக்கத்தில் இருந்தது, மடித்த தாள்கள் உள்ளே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.